தேர்ச்சீலை ஒட்டுத்தையல்

தேர்ச்சீலை ஒட்டுத்தையல் என்பது, பல நிறத் துணிகளை உருவங்களாக வெட்டி வேறொரு துணியின்மேல் வைத்துத் தைத்து, கோயில் தேருக்கு வேண்டிய சீலை, தொம்பை, தோரணம், விதானம் முதலியவற்றை உருவாக்கும் கைத்தொழில். தஞ்சாவூரும் கும்பகோணமும் இதற்குப் பெயர்பெற்ற ஊர்கள். ஆனால் பெரிய தேர் ஓடும் ஊர் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளும் தேர், தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று.

தேரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் மரச்சிற்பத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது நியாயமன்று. ஆண்டு முழுவதும் தேரடியில் நாம் பார்ப்பது தேரின் கீழ்ப்பகுதியை மட்டுமே. அதன்மேல் கோபுரம்போல் எழும் பகுதி ஒவ்வொரு திருவிழாவுக்கும் மரமும் மூங்கிலும் கயிறும் கொண்டு புதிதாகக் கட்டப்பட்டு, துணியால் போர்த்தப்படுகிறது. திருவாரூர் ஆழித்தேரின் மரப்பகுதி ஏறத்தாழ 30 அடி. அலங்கரித்த பின் உயரம் 96 அடி. அதாவது, வடம் பிடிப்பவர் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு துணியின் வேலை.

இந்தத் துணி அலங்காரங்களுள் கண்ணில் முதலில் படுவது தொம்பை. வட்ட வளையங்களைச் சுற்றித் துணி தைத்து, உருளைபோலத் தொங்கவிடுவது அது. உள்ளே வெற்றிடமாக இருப்பதால் பருமனாகத் தெரிந்தாலும் கனம் இல்லை. காற்று பட்டாலே ஆடும். கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்குச் சக்கரம் தெரியாது. தேர் கிளம்பிவிட்டது என்பதைத் தொம்பையின் ஆட்டத்தில்தான் அவர் அறிகிறார்.

வேலைமுறை எளியது, ஆனால் பொறுமை கேட்பது. உருவத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டிக்கொள்வார்கள். துணியைப் பல மடிப்பாக அடுக்கி, அந்த அச்சை வைத்து ஒரே வெட்டில் பல உருவங்கள் எடுப்பார்கள். பிறகு பிரி விடாதபடி ஓரத்தை உள்ளே மடித்து அடித்துணியில் பதித்துத் தைக்க வேண்டும். அன்னம், மயில், யாளி, தாமரை ஆகியவை எல்லாத் தேருக்கும் பொது. பெருமாள் கோயிலுக்குச் சங்கு, சக்கரம், திருமண் சேரும். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று பளிச்சிடும் நிறங்களையே எடுப்பார்கள். தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மெல்லிய சாயல்கள் எட்டுவதில்லை. வெட்டுவது ஒருவர், ஓரம் மடிப்பது ஒருவர், தைப்பது ஒருவர், குஞ்சம் கட்டுவது ஒருவர் எனத் தனித்தனியாக வேலை நடந்து, துண்டுகள் சேர்ந்து ஒரு சீலையாகும். முழு உருவமும் தேரில் ஏற்றிக் கட்டிய பிறகுதான் தெரியும். தைத்தவர்களுக்கும் அப்படித்தான்.

சிறு துண்டுகளைச் சேர்த்து உருவம் செய்யும் பழக்கம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதன்று. ஆண்டாளின் இடது கையில் அமரும் கிளி அங்கே நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. மாதுளம்பூ அதன் அலகு. மரவள்ளி இலை அதன் உடல்.

இத்தொழிலுக்கு மூத்தது துணியில் எழுதும் ஓவியக்கலை. நாயக்கர் ஆட்சியிலும், 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராத்தியர் ஆட்சியிலும் கோயில் தொம்பைகளும் விதானங்களும் கலம்காரியாக எழுதப்பட்டன. கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் அந்த மரபு இன்னும் இருக்கிறது. கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரும் நாயக்கர் ஆட்சிக்குள் இருந்த ஊர்தான். மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் அரண்மனை ஒன்று அங்கே உண்டு. எழுதும் சீலைக்குக் காய்ச்சல், கழுவல், உலர்த்தல் என்று பல நடை உண்டு; சாயமிட்ட துணியை வெட்டித் தைப்பதற்கு அவ்வளவு நாள் ஆகாது. ஆலைத்துணியும் செயற்கைச் சாயமும் மலிவாகி, தையல் எந்திரமும் கடைவீதிக்கு வந்த பிறகு ஒட்டுத்தையலின் கை ஓங்கியதற்கு இதுவே காரணம் என்று கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதே பத்தாண்டில்தான் கல்கத்தாவில் உஷா தையல் எந்திரமும் உருவாகத் தொடங்கியது.

ஒடிசாவின் பிப்பிலியில் நடக்கும் ஒட்டுத்தையல் இதற்கு நெருங்கிய உறவு. பூரி ரதயாத்திரையின் மூன்று தேர்களுக்கும் அங்கு நிறம் வகுக்கப்பட்டிருக்கிறது: ஜகந்நாதருக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரைக்குச் சிவப்பும் கறுப்பும். தமிழ்நாட்டுத் தேருக்கு இத்தகைய பொது விதி இல்லை.

வெட்டுத்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் கலை மேற்கே போர்வையாக வளர்ந்தது. அதற்குள்ளும் நம் கடற்கரை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிக்கு இங்கிலாந்தில் பெரும் மோகம். உள்ளூர் நெசவாளர் எதிர்ப்பால் 1700-இல் அதன் இறக்குமதியையும், 1721-இல் பயன்பாட்டையும் அங்கே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1774-இல்தான் தடை நீங்கியது. இங்கிலாந்தில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வைகளில் ஒன்று லெவன்ஸ் ஹால் மாளிகையில் இருக்கிறது. சுமார் 1708-இல் இந்தியச் சீட்டித் துண்டுகளால் தைத்தது அது. சீட்டியில் அச்சான பூவையும் பறவையையும் தனியே வெட்டி, வெள்ளைத் துணியில் ஒட்டித் தைக்கும் முறையும் பின்னர் பரவியது.

அமெரிக்காவில் பெண்கள் ஒரு வீட்டில் கூடித் தைக்கும் வழக்கமாக அது மாறியது. 1840-களில் பால்டிமோர், பென்சில்வேனியா பகுதிகளில் ஒவ்வொருத்தியும் ஒரு சதுரம் தைத்து, அதில் தன் பெயரை மையால் எழுதிக் கொடுப்பாள். மணமாகிப் போகும் பெண்ணுக்கோ ஊர்விட்டுப் போகும் தோழிக்கோ அந்தச் சதுரங்கள் ஒரே போர்வையாகும். இன்றைய தையல் குழுக்களிலும் அது தொடர்கிறது: ஒரு மாதம் ஒருவர் நிறத்தைச் சொல்ல, மற்றவர்கள் அவருக்காகச் சதுரம் தைத்து அனுப்புகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒட்டுத்தையல் படுக்கைக்கு வராததற்கு வெயில் ஒரு காரணம். மூன்றடுக்குப் போர்வைக்கு விருதுநகர்ச் சீமையில் என்ன வேலை? கோரைப்பாயும் பழைய பருத்திச் சேலையும் போதும். குழந்தைக்குத் தூளியும் அந்தச் சேலைதான். கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளை ஓரத்திலிருந்து நடுவரை வரிசையாகத் தைத்துக் கவந்தி என்னும் போர்வை செய்கிறார்கள். வங்கத்தில் காந்தாப் போர்வை உண்டு. நம் ஊரில் உடுத்தும் துணியில் ஒட்டு இருந்தால் அது வறுமையின் அடையாளம்; அதை மறைக்கத்தான் பார்ப்பார்கள். தேரில் அதே ஒட்டு ஊரே பார்க்கும் அலங்காரம்.

ஒரு வேறுபாடு மனத்தை உறுத்துகிறது. பால்டிமோர்ப் போர்வையில் தைத்தவளின் பெயர் இருக்கிறது. நம் கோயில் திரைகளிலும் குடைகளிலும் சீலைகளிலும் ‘உபயம்’ என்று தொடங்கித் துணி வாங்கிக் கொடுத்தவர் பெயர் வருகிறது. அதே ஊசியால் அந்த எழுத்துகளையும் தைத்தவர் பெயர் எங்கும் இல்லை. கொடுத்தவர் பெயர் இருக்கட்டும். அதன் கீழே தைத்தவர் பெயருக்கும் இரண்டு விரல் இடம் ஒதுக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இத்தொழிலின் வரலாற்றைத் துணியிலிருந்தே படித்திருக்க முடியும். பழைய சீலை வெயிலிலும் மழையிலும் நைந்து கழிக்கப்படும்போது, செய்தவரைப் பற்றிய கடைசிச் சான்றும் அதோடு போய்விடுகிறது.

இப்போது ஜிகினாத் துணியும் எந்திரப் பூவேலையும் அச்சிட்ட பதாகையும் இத்தொழிலோடு போட்டியிடுகின்றன. துணி வேலைக்குப் பழகிய கைகளோ ராஜபாளையம் வட்டாரத்தில் ஏராளம். சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்கிறார்கள். தளவாய்புரத்திலும் செட்டியார்பட்டியிலும் நைட்டித் தையல் வீட்டுக்கு வீடு நடக்கிறது. பெண்கள் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். வெட்டி மிஞ்சும் பூப்போட்ட துண்டுகள் எடைக்குப் போகின்றன. அடுத்த ஆடிப்பூரத்துக்கு ஒரு தொம்பை தைக்க வேண்டிய துணியும் எந்திரமும் கையும் அங்கேயே இருக்கின்றன; உருவம் வெட்டவும் ஓரம் மடிக்கவும் தெரிந்த ஒரு மூத்த தையற்காரரை அழைத்துக் கற்றுக்கொள்வதுதான் பாக்கி.