பாதாளம்

பூமிக்குக் கீழே இருப்பதாகப் புராணங்கள் கூறும் ஏழு உலகங்களில் கடைசியானது பாதாளம். அதலம், விதலம், சுதலம், தலாதலம், மகாதலம், இரசாதலம் ஆகிய மற்ற ஆறையும் சேர்த்துப் பொதுவாகப் பாதாளம் என்பதும் உண்டு.

இன்று இச்சொல்லைக் கேட்டதும் இருட்டும் அச்சமுமே மனத்தில் எழுகின்றன. புராணங்களின் பாதாளம் அப்படிப்பட்டதல்ல. அங்கே போய்வந்த நாரதர் அதை இந்திரலோகத்தைவிட அழகானது என்று புகழ்வதாக விஷ்ணு புராணம் கூறுகிறது. சூரியன் எட்டாத அவ்வுலகுக்கு நாகங்களின் தலைமணிகளே ஒளி என்கிறது பாகவதம். பாவிகள் தண்டனை பெறும் நரகத்தை அந்நூல் தனியே வேறோர் அத்தியாயத்தில் விவரிக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பெரும்பிழை. மகாபலி சுதலத்துக்குச் சென்றதும் சிறைப்படுவதற்காக அல்ல. அவன் வாசலில் திருமாலே காவல் நின்றார்.

தமிழ்நாட்டுக் கூத்துமேடைக்குப் பாதாளத்தைக் கொண்டுவந்தது மயில்ராவணன் கதை. வால்மீகியிலும் கம்பரிலும் இல்லாத இக்கதையில், மயில்ராவணன் இராமலட்சுமணரைப் பாதாளத்துக்குத் தூக்கிச் செல்கிறான். அனுமன் போய் மீட்கிறான். கோயில்களில் தரைமட்டத்துக்குக் கீழுள்ள சன்னதிக்கும் பாதாளம் என்ற பெயர் உண்டு. 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்த 16 வயது இரமணர் தவமிருந்தது ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தில்தான்.

தமிழ் விவிலியம் எபிரேயரின் சியோலுக்கும் கிரேக்கரின் ஹேடீஸுக்கும் பாதாளம் என்றே எழுதியது. அதனால் இறந்தோர் சேரும் இடம் என்ற பொருளும் இதற்கு அமைந்தது.

குற்றக் கும்பல்களை இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் ‘பாதாள உலகக் குழு’ என்கின்றன. சிங்களத்திலும் இதே சொல்தான். தமிழ்நாட்டில் அதற்கு ‘நிழல் உலகம்’ என்பதே வழக்கம். மும்பை தாதாக்களைப் பற்றிய செய்திகளில் அது அடிக்கடி வரும்.

அன்றாடப் பேச்சில் பாதாளம் என்றால் வெறும் ஆழம். கிணற்றில் விழுந்த வாளியைக் கொக்கிகளால் துழாவி எடுப்பது பாதாளக் கரண்டி. நகரங்களில் வீதிக்கடியில் ஓடுவது பாதாளச் சாக்கடை. உரிய பாதுகாப்பின்றி அதற்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஆனாலும் விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் சாவது நிற்கவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம், இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.