செயலாக்க வேகப் பயிற்சி

கண்ணில் பட்டதை இன்னதென்று கண்டுகொண்டு, அதற்கேற்ப முடிவெடுக்க மூளைக்கு ஆகும் நேரத்தைக் கொண்டு அளக்கப்படுவது செயலாக்க வேகம். வயது ஏற ஏற இது மந்தப்படுகிறது. முதுமையில் நினைவும் பகுத்தறியும் திறனும் தளர்வதற்கு இந்த மந்தமே பெருங்காரணம் என்று அமெரிக்க உளவியலாளர் டிமதி சால்ட்ஹவுஸ் 1996இல் வாதிட்டார். இழந்த வேகத்தைப் பயிற்சியால் மீட்க முடியுமா, மீட்டாலும் அது பயிற்சி அறையைத் தாண்டி வீட்டுக்கும் வீதிக்கும் வருமா என்பவை இத்துறையின் இரு கேள்விகள். இரண்டாவதுதான் கடினமானது.

எண்ணத்துக்கும் நேரம் பிடிக்கும் என்பது வானியலாளர்கள் வழியாகவே தெரியவந்தது. விண்மீன் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் கணத்தைத் தம்மைவிட 0.8 நொடி பிந்திக் குறித்தார் என்று, கிரீனிச் வான்காணகத் தலைவர் நெவில் மாஸ்கெலின் 1796இல் தம் உதவியாளர் கின்னிபுரூக்கை வேலையிலிருந்து நீக்கினார். இத்தகைய வேறுபாடு தேர்ந்த வானியலாளர்களிடையேயும் இருப்பதுதான் என்று பின்னாளில் ஜெர்மானியரான பெசல் காட்டினார். கின்னிபுரூக் மீது விழுந்த பழி அநியாயமானது. 1868இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் டோண்டர்ஸ் எண்ணத்துக்குப் பிடிக்கும் நேரத்தைப் பகுத்தே காட்டினார். ஒரே குறிப்புக்கு ஒரே விதமாகக் கையசைக்கும் நேரத்தை, இரண்டில் எதுவெனத் தேர்ந்து கையசைக்கும் நேரத்திலிருந்து கழித்தால், எஞ்சுவது தேர்வுக்கான நேரம்.

பயிற்சியின் பலனை முதலில் சோதித்தவர்களுள் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். விக்டர் ஹியூகோவின் நெடும்பாடல் ஒன்றில் 158 அடிகளை மனப்பாடம் செய்ய அவருக்கு ஏறத்தாழ 132 நிமிடம் ஆயிற்று. பிறகு 38 நாள் மில்டனை மனப்பாடம் செய்து பழகிவிட்டு, ஹியூகோவின் அடுத்த 158 அடிகளை எடுத்தார். இம்முறை 151 நிமிடத்துக்கும் மேல் ஆனது! 1901இல் தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் இதே சங்கடத்தை ஆய்வுக்கூடத்தில் கண்டனர். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடத் தேர்ந்தவர்கள், அளவும் வடிவமும் மாறியதும் அந்தத் தேர்ச்சியைப் பெரிதும் இழந்தனர். நம் ஆசிரியர் கல்வியியல் கல்லூரிகளில் ‘பயிற்சி மாற்றம்’ என்ற தலைப்பில் படிப்பது இந்தச் சிக்கலைத்தான். 1980இல் வெளியான எரிக்சன், சேஸ் குழுவின் ஆய்வும் இதையே சொன்னது. ஒரு கல்லூரி மாணவர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பழகி, கேட்ட எண்களை வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் திறனை 7 இலக்கத்திலிருந்து 79 இலக்கமாக உயர்த்தினார். ஓட்டக்காரரான அவர் எண்களைப் பந்தய நேரங்களாக மாற்றி மனத்தில் பதித்துக்கொண்டார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னபோது பழையபடி ஆறேழோடு நின்றுவிட்டார்.

இந்த அவநம்பிக்கைக்கு நடுவில்தான் கார்லீன் பால், டேனியல் ரோங்கர் ஆகியோரின் பணி வந்தது. சாலை முனையில் முன்னே போகும் பேருந்தில் கண் பதிந்திருக்க, இடப்புறம் சைக்கிளில் ஒரு சிறுவன் திரும்புவான். கண்ணை அசைக்காமலே அவனையும் சேர்த்து உணரும் பரப்பு முதுமையில் சுருங்குகிறது. பயிற்சியால் அது விரியும் என்று இவர்கள் குழு 1988இல் காட்டியது. பயிற்சி எளிமையானது. திரையின் நடுவில் காரோ லாரியோ கணநேரம் தோன்றும். அதே கணத்தில் ஓரத்தில் எங்கோ இன்னொரு கார். நடுவில் வந்தது எது, ஓரத்தில் வந்தது எங்கே என்று சொல்ல வேண்டும். அடுத்த படிகளில் ஓரத்துக் காரைச் சுற்றிலும் முக்கோணங்கள் நெருக்கி நிற்கும். பெரும்பாலும் சரியாகச் சொல்லத் தொடங்கியதும் படம் நிற்கும் நேரம் குறைக்கப்படும். தேர்ந்தவர்களுக்கு அது நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே போகும்.

இதைப் பெரிய அளவில் சோதித்தது ‘ஆக்டிவ்’ ஆய்வு. அமெரிக்காவின் ஆறு இடங்களில் 65 வயது கடந்த 2,832 பேர் நினைவு, பகுத்தறிவு, வேகம் என மூன்று பயிற்சிக் குழுக்களாகவும், பயிற்சி பெறாத ஒரு குழுவாகவும் பிரிக்கப்பட்டனர். ஐந்தாறு வாரங்களில் பத்து அமர்வுகள்; சிலருக்குப் பின்னர் மறுபயிற்சி. 2002இல் வந்த முடிவின்படி, வேகக் குழுவில் 87 விழுக்காட்டினரும், பகுத்தறிவுக் குழுவில் 74 விழுக்காட்டினரும், நினைவுக் குழுவில் 26 விழுக்காட்டினரும் தாம் பழகிய திறனில் தெளிவாக முன்னேறியிருந்தனர். அன்றாட வேலைகளில் அப்போது மாற்றம் தெரியவில்லை. பத்தாண்டு கழித்து நினைவுப் பயிற்சியின் பலன் கரைந்திருக்க, மற்ற இரண்டின் பலன் எஞ்சியிருந்தது. சமையல், மருந்து, பணக்கணக்கு போன்றவற்றில் சிரமம் கூடியதாகச் சொன்னவர்கள் மூன்று குழுக்களிலும் குறைவாகவே இருந்தனர். வேகக் குழுவிலும் பகுத்தறிவுக் குழுவிலும், தம் தவறால் நேர்ந்த வாகன விபத்துகள் பயிற்சி பெறாதவர்களைவிட ஏறத்தாழப் பாதியாக இருந்தன. வீட்டில் தனியே வெளியே போய்வர விரும்பும் முதியவர் இருப்பவர்களுக்கு இந்த முடிவின் மதிப்பு விளங்கும்.

இதற்கிடையே 2005இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோ விளையாட்டு, ‘மூளைப் பயிற்சி’யை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. 2010இல் ஏட்ரியன் ஓவன் குழு 11,430 பேரை ஆறு வாரம் பழக்கி, பழகிய விளையாட்டில் தவிர வேறெதிலும் பொதுப்பலன் இல்லை என்றது. ஆதாரத்தை மீறிய விளம்பரங்களுக்காக, மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லுமோஸ் லேப்ஸ் நிறுவனம் 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் 20 லட்சம் டாலருக்கு உடன்பாடு கண்டது. ஆக்டிவ் ஆய்வில் சோதிக்கப்பட்ட பயிற்சி வேறு, சந்தையில் விற்கப்பட்ட பெரும்பாலானவை வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

2017இல் ஜெர்ரி எட்வர்ட்ஸ் குழு ஆக்டிவ் தரவுகளை மறுபடி ஆராய்ந்து, வேகப் பயிற்சி பெற்றவர்களுக்குப் பத்தாண்டுகளில் மறதிநோய் வரும் ஆபத்து 29 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தது. மற்ற இரு குழுக்களில் அப்படி உறுதியான குறைவு இல்லை. மறதிநோயை மருத்துவப் பரிசோதனையால் உறுதிசெய்யாமல் நேர்காணலையும் தேர்வு மதிப்பெண்ணையும் கொண்டு கணித்தது இதன் பெருங்குறை. வேகப் பயிற்சி மட்டும் ஏன் தனித்து நிற்கிறது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. நினைவுப் பயிற்சி உத்திகளைக் கற்றுத்தந்தது; கடைத்தெருவில் நிற்கும்போது அந்த உத்தியையே முதலில் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். வேகப் பயிற்சியில் உத்தி என்று எதுவும் கிடையாது. சைக்கிள் ஓட்டக் கற்ற கால்களைப் போல, கண்ணும் கவனமும் தாமாகவே பழகிக்கொள்கின்றன.