சரணாகதியின் பிரதிகள்

வளைகுடாவில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர் போர்ச்சித்திர அச்சுகளைச் சேகரிக்கிறார். அவர் வீட்டுச் சுவரில் இரண்டாம் உலகப்போர் விமானம் ஒன்று மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. அடியில் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் 117/500 என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் ஓவியரின் கையெழுத்து, அந்தப் போரில் விமானம் ஓட்டிய ஒருவரின் கையெழுத்து. ஐந்நூறுக்குமேல் ஒரு பிரதிகூட அச்சடிக்க மாட்டார்களாம். 'நம்ம குளச்சல் சண்டைக்கு இப்பிடி ஒண்ணு கெடைக்குமா?' என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த எண். செப்புத் தகட்டில் செதுக்கிச் சித்திரம் அச்சிட்ட காலத்தில் தகடு தேயும். முதலில் எடுத்த பிரதிகளில் கோடு கூர்மையாக இருக்கும், போகப்போக மங்கும். ஆகவே முதல் பிரதிகளுக்கு விலை அதிகம். அன்று அருமை என்பது உலோகத்தின் குணம். பெஞ்சமின் வெஸ்ட் 1770இல் வரைந்த ஜெனரல் உல்ஃபின் மரணம் 1776இல் வூலட்டின் செதுக்கலாக வெளிவந்து பெரும் பணம் ஈட்டியது. போர்ச்சித்திரம் சந்தைச் சரக்காகும் என்று அதுவே காட்டிக்கொடுத்தது. இன்று ஆஃப்செட் எந்திரம் லட்சம் பிரதிகளை ஒரே தெளிவில் தள்ளும். ஐந்நூறில் நிறுத்துவது எந்திரமல்ல, வியாபாரி. பஞ்சத்தைச் செயற்கையாக உண்டாக்கி விலை ஏற்றும் அரிசி மண்டிக்காரனின் வேலைதான் இது. விமானியின் கையெழுத்தோ வேறு காரியம் செய்கிறது. 'நான் அங்கே இருந்தேன்' என்ற சாட்சியத்தையே அது விற்பனைக்கு வைக்கிறது.

இந்தச் சரக்கு நம் மண்ணிலிருந்தும் போயிருக்கிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் சின்னப் பிள்ளைகள் இருவரைப் பணயமாக வாங்கிக்கொண்ட காட்சியை, காரன்வாலிஸின் படையோடு போன ராபர்ட் ஹோம் வரைந்தார். படத்துக்குள் தன்னையும் வரைந்துகொண்டார். நேரில் கண்டவன் என்ற முத்திரை அது. 1799இல் கோட்டை விழுந்தது. மறுவருஷமே லண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டர் நூறடிக்கும் மேல் நீளமான திரையில் அந்தத் தாக்குதலை வரைந்து காசு வாங்கிக் காட்டினார். அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அந்தத் திரையும் செதுக்கல்களாகி வீடுகளுக்குள் புகுந்தது. கண்டவன் வரைந்தாலும் காணாதவன் வரைந்தாலும் படம் சொன்ன சேதி ஒன்றே: ஒருவன் நிற்கிறான், இன்னொருவன் விழுகிறான். அந்தப் படங்களை வாங்கிய குடும்பங்கள் தாங்கள் நடத்தாத போரைத் தங்கள் சுவரில் ஜெயித்தன.

திப்புவும் சும்மா இருக்கவில்லை. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்ததைத் தன் தரியா தௌலத் மாளிகைச் சுவர் முழுக்கத் தீட்டவைத்தார். ஆனால் சுவர் கப்பலேறாது. பிரதி எடுக்க முடிந்தவனின் வெற்றியே உலகத்தின் வெற்றியாயிற்று.

இனி நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். 1741இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படை மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடைந்தது. ஐரோப்பியக் கம்பெனி ஒன்றை இந்திய அரசன் முறியடித்த பெரிய சம்பவம். பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்மாடத்தில் அழகான சுவரோவியங்கள் உண்டு. அவை போரைச் சொல்லவில்லை, தெய்வங்களைச் சொல்கின்றன. 1750இல் ராஜ்யத்தையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்துவிட்டுத் தாசனாக ஆண்டவன் அரசன். வெற்றி சாமியுடையது என்றான பிறகு தனியே போர்ச்சித்திரம் எதற்கு என்று இதை வாசிக்கலாம். டிலனாய் சரணடையும் காட்சியாக இன்று அங்கே மாட்டியிருக்கும் படம் பிற்காலத்தின் கற்பனை. ஐரோப்பிய பாணியிலேயே ஐரோப்பியனைத் தோற்கடித்துக் காட்டுகிறது. சட்டகம் அவர்களுடையது, நிற்பவனும் பணிபவனும் இடம் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படத்தின் ஓரங்களைக் கவனிக்கவேண்டும். சரணடைந்த டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே 'வலிய கப்பித்தான்' ஆகி, உதயகிரிக் கோட்டையைக் கல்லால் கட்டியெழுப்பி, 1777இல் இறந்து அங்கேயே அடக்கமானார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. அவரால் கிறிஸ்தவத்துக்கு வந்த நீலகண்ட பிள்ளை, தேவசகாயமாகி, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். வெற்றிப் படத்துக்கு வெளியே இவ்வளவு நடந்திருக்கிறது. கோட்டைக்குக் கல் சுமந்தவர்களுக்கோ பெயர்கூட இல்லை.

குளச்சல் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சொன்னார்: 'எங்க பாட்டா சொல்லுவாரு. நம்ம ஆளுவ துடுப்பத் தோள்ல சாச்சு வச்சுக்கிட்டு கரையில வரிசையா நிண்ணானுவளாம். கப்பல்ல இருந்து பாத்தவனுக்கு எல்லாம் தோக்குபோலத் தெரிஞ்சுதாம்.' பனந்தடிகளை வண்டியில் ஏற்றி பீரங்கிபோல நிறுத்தினார்கள் என்றும் கதை உண்டு. இதை ஆவணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதுவும் ஒரு பிரதி. அரண்மனைப் படம் விட்டுவிட்ட முக்குவரை இந்தக் கதை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதே மூச்சில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது: இவர்கள் கையில் துடுப்புத்தான் இருந்தது, துப்பாக்கியை யாரும் கொடுக்கவில்லை. ராஜாவின் வெற்றியில் பங்கு கேட்கும் கதைக்குள்ளேயே பங்கு மறுக்கப்பட்ட கதையும் கிடக்கிறது. இதை வெறும் வீரக்கதையாக்கி நாம் பெருமைப்படத் தொடங்கினால், அரண்மனைப் படத்துக்கு இன்னொரு பிரதி அடித்தவர்களாவோம்.

நண்பருக்குப் பதில் சொன்னேன்: குளச்சலுக்கு எண்ணிட்ட அச்சு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை, வந்தாலும் அதில் துடுப்பு இருக்காது. அந்த முதியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் வயதில் இதைச் சொல்லக்கூடியவர்கள் கரையோர ஊர்களில் இன்னும் சிலர் இருக்கலாம். இந்தப் பதிப்பில்தான் பிரதிகள் நிஜமாகவே குறைந்துகொண்டிருக்கின்றன. சேகரிக்க விரும்புகிறவர்கள் டேப்போடு கடற்கரைக்குப் போகலாம்.