சோறு பூசிய மேளம்

ரெட்டியார்பாளையத்தில் மிருதங்கம் கற்ற இரண்டு வருடத்தில் எனக்கு உருப்படியாக வந்த ஒரே வேலை ரவை பிசைவதுதான். தண்ணீர் விட்டுப் பிசைந்து, தொப்பிப் பக்கத்தின் நடுவில் அப்பி, சுதி இறங்குகிறதா என்று தட்டிப் பார்க்கணும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துடணும். இல்லையென்றால் எறும்பு வரும்.

பல வருடம் கழித்து, தாய்லாந்தின் 'பிபாத்' குழுவைப் பற்றிப் படிக்கும்போது அதே ரவை வேறு உருவத்தில் எதிரில் வந்தது. பிபாத் என்பது கிட்டத்தட்ட அவர்களுடைய பெரிய மேளம். முன்னால் 'பீ' என்ற குழல். அதன் சீவாளி பனை ஓலையில் செய்தது. மரக்கட்டைகளைக் கோத்த 'ரனாத்', வட்டமாக அடுக்கிய கோங் மணிகள், நம்முடைய தாளம் மாதிரியே 'சிங்'. தாளத்தை நடத்துவது 'தபோன்'. பீப்பாய் வடிவம், இரண்டு முகம், மரத்தாங்கியில் படுக்கவைத்து இரண்டு கையாலும் வாசிப்பார்கள். அதன் முகத்தில் சோற்றையும் சாம்பலையும் பிசைந்து அப்பிச் சுதி சேர்ப்பார்கள்.

பர்மாவில் ஒரே கலைஞர் தன்னைச் சுற்றி 21 மேளங்களை வட்டமாக வைத்து வாசிக்கிறார். அங்கேயும் சோறும் சாம்பலும்தான். கம்போடியாவின் 'சம்போ'வுக்கும் அப்படியே. பிரெஞ்சுக்காரர் காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து சைகோனுக்கு வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். அவர்களில் யாராவது அதைப் பார்த்து 'அட, நம்ம ஊர் வித்தை' என்று நினைத்திருப்பார்களா?

மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்குக் கரணை என்று பெயர். சாதம் என்றும் சோறு என்றும் சொல்வதுண்டு. வெந்த சோற்றோடு கிட்டான் கல் பொடியைக் குழைத்து, மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, கல்லால் தேய்த்துத் தேய்த்துச் செய்வது. வெறும் வட்டத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் போகும். அதனால்தான் சாதாரண மேளத்தில் தெளிவான சுரம் கேட்காது. நடுவில் எடை ஏறியதும் அவை முழு எண் விகிதங்களுக்கு வந்துவிடுகின்றன. சி.வி. ராமன் இதை 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934-இல் விரிவாக விளக்கினார். கல்லூரியில் நாலு செமஸ்டர் கணக்குப் படித்தும் எனக்குப் புரியாத ஒன்று, யாரோ ஒருவர் விரல் நுனியில் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் 'எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதான்' என்று மார்தட்டத் தோன்றும். பாங்காக்கின் அரசவைப் பிராமணர்கள் திருவெம்பாவை ஓதுகிறார்கள் என்பது வேறு அதற்குத் தூபம் போடும். எனக்கு அதில் ஆர்வமில்லை. போன வித்தையை அவர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

'வாய் க்ரூ' என்பது அவர்களுடைய குரு வணக்கம். அதில் தபோனே குருவின் இடத்தில் இருக்கிறது. இசைக்குரிய தெய்வமான பிரகோந்தப்பின் வடிவம் அது. பெயரே கந்தர்வன் என்ற சொல்லின் தாய் உருவம். எந்த வாத்தியத்தையும் அங்கே யாரும் தாண்டிப் போகமாட்டார்கள்.

நாமும்தான் வாத்தியத்தைக் கும்பிடுகிறோம். ஆனால் மிருதங்கத்துக்கு மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். அந்தத் தோலை உரித்து, பதப்படுத்தி, கரணை போடும் குடும்பங்களில் பல தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020-இல் புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மேடையில் மேளத்துக்கு இடமுண்டு, அதைச் செய்தவரைப் பற்றிய புத்தகத்துக்கு இல்லை.

வாத்தியார் வீட்டு மிருதங்கத்துக்குக் கரணை போட ஒருவர் வருவார். வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்து, மதியம் வரை கல்லால் தேய்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஆயுத பூஜை அன்று அந்த மிருதங்கத்துக்குச் சந்தனம் வைத்ததும் நான்தான். அவர் பெயரைக் கேட்கவே இல்லை.