பதிவேட்டைப் படிப்பவர் யார்?

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியது 1613இல். அக்காலத்து ஆங்கில மாலுமிகள், முடிச்சிட்ட கயிற்றில் பிணைத்த மரத்துண்டைக் கடலில் எறிந்து கப்பலின் வேகத்தை அளந்தனர். அத்துண்டின் பெயர் ‘லாக்’. அளவைக் குறித்த ஏட்டுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது; நம் காலத்தில் கணினியின் பதிவுக்கோப்பும் அதையே சுமக்கிறது.

பழவேற்காட்டுக்கு மேற்கே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஆலை வாயிற்காவலர் வருவோர் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வதை நாம் அறிவோம். வழங்கிக் கணினி செய்வதும் இதுவே. ஆனால் எழுதப்பட்டதைப் படிப்பவர் யார்?

1986 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கு 75 சென்ட் உதைத்தது. கிளிஃபர்ட் ஸ்டோல் அதைத் துருவினார். ஊடுருவியவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் அச்சுப்பொறியில் பதித்துப் பல மாதங்கள் படித்தார். தடம் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் முடிந்தது.

அந்தப் பொறுமையை நிரலிடம் ஒப்படைத்தார் சிரில் ஜாக்கியே. 2004இல் தோன்றிய அவரது கட்டற்ற மென்பொருள் ‘ஃபெயில்2பேன்’. பத்து நிமிடங்களில் ஐந்து முறை கடவுச்சொல் பிழைத்தால், அந்த முகவரிக்குப் பத்து நிமிடம் கதவடைப்பு: இது அதன் இயல்பு அமைப்பு. ஏடு நிறைந்தால் பழையது ஒதுக்கப்பட்டுப் புதியது தொடங்கும். காவலன் பழைய ஏட்டையே வெறித்திருந்தால் வாயில் திறந்த வாயில்தான். ஆகவே கோப்பின் முதல் வரியின் அடையாளத்தை அது நினைவில் கொள்கிறது. அடையாளம் மாறினால், புதிய ஏட்டைத் தொடக்கத்திலிருந்து படிக்கிறது.

எனினும் இக்காவலன் மறதிக்காரன். நாளுக்கொரு முறை மட்டும் கதவைத் தட்டிப் பார்ப்பவன் அவன் கணக்கில் சிக்குவதில்லை. அவனைக் காட்டிக்கொடுக்க வல்லவை பழைய ஏடுகளே. லினக்ஸ் கணினிகள் பலவற்றிலோ, வாரம் ஒன்றாக நான்கு பழைய ஏடுகள் மட்டுமே இயல்பாக எஞ்சும், மற்றவை அழியும்.

இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான ‘செர்ட்-இன்’, 2022 ஏப்ரல் 28 அன்று பதிவுகளை 180 நாட்கள் காக்குமாறு ஆணையிட்டதன் பொருள் இங்கே விளங்கும். நான்கு வாரம் எங்கே, ஆறு மாதம் எங்கே! இயல்பு அமைப்பைத் தொடாமல் விட்ட சிறு ஆலை, திருட்டு தெரியவரும் நாளில் தன் ஏடுகளைத் தானே எரித்துவிட்டிருக்கும்.

விரட்டுவது வேறு, நினைவில் வைப்பது வேறு. முன்னதை நிரல் செய்யும். பின்னதற்கு, 75 சென்ட்டைப் பொருட்படுத்தும் மனிதர் ஒருவர் இன்றும் தேவைப்படுகிறார்.