வெப்பத்திற்கு அளவு கண்டோர்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் எனச் சென்னையின் மேற்கே விரிந்துள்ள ஊர்களில் வெப்பத்தை அளக்க மூன்று கணக்குகள் வழங்குகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் எஃகைப் பதப்படுத்தும் உலையின் சூட்டை 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்கின்றனர். ஆவடியில் ஒரு தாய், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு 102 என்கிறாள். அது பாரன்ஹீட் கணக்கு. 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை நாடெங்கும் பரவிய பின்னரும், வீட்டுக் காய்ச்சல் பெரும்பாலும் பழைய கணக்கிலேயே நிற்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே நகரை நோக்கி வந்தால், அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி உள்ளது. யூனானி முறையிலோ மிளகு உஷ்ணம், வெள்ளரி குளிர்ச்சி. அந்த உஷ்ணமும் குளிர்ச்சியும் நந்நான்கு தரஜாக்களாகப் பிரிக்கப்படும்.

இம்மூன்றனுள் மூத்தது தரஜாக் கணக்கே. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன், பனிக்கட்டியையும் கொதிநீரையும் சம அளவில் கலந்தால் கிடைப்பதை நடுநிலையாகக் கொண்டு, அதற்கு மேல் நான்கு படி வெப்பமும் கீழ் நான்கு படி குளிர்ச்சியும் வகுத்தார்.

ஆனால் ஒரு சிக்கல் எஞ்சியது. தனி மருந்தின் படி தெரியும். பல மருந்துகளைக் கலந்த லேகியத்தின் படி என்ன? இவ்வினாவை எடுத்துக் கொண்டவர், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தீ. நடுநிலை மருந்தில் வெப்பமும் குளிர்ச்சியும் சமம். முதல் தரஜாவில் வெப்பம் குளிர்ச்சியைப் போல் இரு மடங்கு, இரண்டாவதில் நான்கு, மூன்றாவதில் எட்டு, நான்காவதில் பதினாறு மடங்கு என்று அவர் விகிதம் வகுத்தார். கலவையிலுள்ள மருந்துகளின் வெப்பப் பங்குகளையும் குளிர்ச்சிப் பங்குகளையும் தனித்தனியே கூட்டி ஒப்பிட்டால் விடை கிட்டும். முதல் தரஜா வெப்ப மருந்து ஒரு பங்கும், முதல் தரஜா குளிர்ச்சி மருந்து ஒரு பங்கும் சேர்ந்தால், மூன்றுக்கு மூன்று, நடுநிலை. கருவி ஏதும் இல்லாத காலத்தில் வெப்பத்தைக் கணிதத்திற்குள் கொணர்ந்த முயற்சி இது.

12ஆம் நூற்றாண்டில் கிரெமோனா ஊரின் ஜெரார்டு இந்நூலை லத்தீனில் பெயர்த்தார். அதே நூற்றாண்டில் இப்னு ருஷ்து தம் ‘குல்லிய்யாத்’ நூலில் அல்கிந்தீயின் விகிதத்தைக் கடுமையாக மறுத்தார். முன்னவர் பெருமை பின்னவரின் நாவைக் கட்டவில்லை.

1578இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து மருத்துவர் ஹாஸ்லர், காலனின் படிகளை ஒன்பது படிகளுள்ள ஓர் அட்டவணையாக அமைத்தார். 1612 அளவில் இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ, படி குறித்த கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினார். 1724இல் பாரன்ஹீட்டும் 1742இல் செல்சியஸும் தத்தம் அளவைகளை வெளியிட்டனர். செல்சியஸ் முதலில் நீர் கொதிக்கும் நிலைக்கு 0 என்றும் உறையும் நிலைக்கு 100 என்றும் வைத்தார். பின்னரே அது தலைகீழாக மாற்றப்பட்டது. அறபியில் இன்றும் வெப்பநிலைக்குத் தரஜத்துல் ஹராரா என்றே பெயர்.

இவ்வரலாற்றைச் சொல்லும்போது நாம் இரு தவறுகளைச் செய்துவிடக் கூடாது. வெப்பமானியை நம்மவரே கண்டுபிடித்தனர் எனப் பெருமை பேசுவது ஒன்று, அது உண்மையன்று. அல்கிந்தீயின் தரஜா மருந்து உடலில் விளைவிக்கும் குணத்தின் அளவே தவிர, வெப்பமானி காட்டும் சூடன்று. அதனைத் தீர்மானித்தது மருத்துவரின் அனுபவம். ஒருவர் கண்டதை மற்றவர் சோதித்தறிய வழியில்லை. எவர் கையிலும் ஒரே விடை தரும் நிலைப்புள்ளிகள் வாய்த்த பின்னரே அளவை முழுமை பெற்றது. மற்றொரு தவறு, இவர்களை அடியோடு மறந்து, அளக்கும் எண்ணமே மேற்கில்தான் பிறந்தது என எண்ணுவது.

அளவில் கூட்டலும் ஆகாது, குறைத்தலும் ஆகாது என்பது திருமறையின் போதனை. கடைத்தராசுக்கு மட்டுமா அது பொருந்தும்? முன்னோர் புகழை நிறுக்கும் தராசுக்கும் அதுவே நீதி. பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஐயம் தீர வெப்பமானியை எடுக்கும் அந்தத் தாய், கையையும் இகழவில்லை, கருவியையும் ஒதுக்கவில்லை. நாம் கைக்கொள்ள வேண்டிய நடுநிலையும் அதுவே.