300 வாட்டை வாய் பொத்த வைப்பது எப்படி?

ஆம்பெக் எஸ்விடி என்ற பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் 1969-ல் வந்தது. 14 வால்வு, 300 வாட். அதற்கென்று செய்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு. அது போதாதென்று இரண்டு பெட்டி மாட்டுவார்கள். அந்த வருஷ அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் எடுத்துப் போனது இதைத்தான். இன்னைக்கு இதே ஆம்பை அடுக்குமாடி வீட்டில் வைத்து, சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவருக்குத் தெரியாமல் பதிவு செய்கிறார்கள். இது எப்படி சாத்தியமாச்சு என்று தேடியபோது எழுதிவைத்தவை இவை.

கதையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆம்பெக்கைத் தொடங்கிய எவரெட் ஹல், ஜாஸ் வாசித்த பேஸ் கலைஞர். ராக் இசையும் பிடிக்காது, ஒலி உடைவதும் பிடிக்காது. 1967-ல் அவர் கம்பெனியை விற்றுவிட்டார். எஸ்விடி பிறந்தது அதற்கப்புறம்தான்.

மேடைக்கு இப்படி என்றால், ஸ்டுடியோவில் வேறு கதை. டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தார் 1960-களின் தொடக்கத்திலேயே பேஸ் கிட்டாரை டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வழியாக நேராகப் பதிவு மேஜைக்குள் செருகிவிட்டார்கள். ஜேம்ஸ் ஜேமர்சனின் அந்தப் புகழ்பெற்ற பேஸ் அப்படிப் பதிவானதுதான். ஆம்ப் இல்லை, மைக் இல்லை, டிரம்ஸ் மைக்கில் பேஸ் ஒழுகும் தொல்லையும் இல்லை. டிஐ என்று இன்றைக்கும் சொல்வது இந்த முறையைத்தான்.

ஆனா டிஐ-யில் ஒன்று விட்டுப்போகிறது. வால்வு ஆம்பை முறுக்கித் திருப்பும்போது பவர் வால்வுகளும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் திணறுகின்றன. அந்தத் திணறல்தான் பலருக்கு வேண்டிய உறுமல். அது வேண்டுமென்றால் ஆம்ப் முழு பலத்தில் ஓடியே ஆகணும்.

சரி, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டினால்? தயவுசெய்து வேண்டாம். டிரான்சிஸ்டர் ஆம்ப் பெரும்பாலும் அதைத் தாங்கும். அதற்கு எமன் ஷார்ட் சர்க்யூட். வால்வு ஆம்ப் அதற்கு நேர் எதிர். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தில் சேரும் ஆற்றலுக்குப் போக வழியில்லாமல் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எகிறி, வால்வு சாக்கெட்டில் பொறி பறக்கும், இல்லையென்றால் சுருளின் இன்சுலேஷன் போகும். ஆகவே ஸ்பீக்கர் இருந்த இடத்தில் அந்தச் சக்தியை வாங்கிச் சூடாக்கித் தொலைக்க ஏதாவது வேண்டும். அதுதான் டம்மி லோடு. ரேடியோக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. ஆன்டெனாவுக்குப் பதில் குண்டு பல்பை மாட்டி டிரான்ஸ்மிட்டரைச் சோதித்தவர்கள் அவர்கள்.

இசைக்காரர்களிடம் இந்த யோசனையைப் பரவலாகக் கொண்டுபோனதில் பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸுக்குப் பெரிய பங்கு. எம்ஐடி-யில் படித்தவர், போலராய்டில் எஞ்சினியர், வீட்டின் நிலவறையிலேயே ஸ்டுடியோ வைத்திருந்தவர். 1980 வாக்கில் அவர் விற்ற பவர் சோக் பெட்டிக்குள் இருந்தது பெரிய ரெசிஸ்டர்கள், அவ்ளோதான். அது கிட்டாருக்காக வந்த சரக்கு.

பேஸுக்கு வெறும் ரெசிஸ்டர் ஏன் சப்பென்று இருக்கிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஸ்பீக்கர் மேல் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் கிடையாது. கூம்பு இயல்பாக ஆட விரும்பும் இடத்தில் பல மடங்கு ஏறும், பிறகு இறங்கும், மேல் ஸ்வரங்களில் சுருளின் தூண்டலால் மறுபடி ஏறும். முதல் மேடு விழுவது பேஸ் கிட்டார் குடியிருக்கும் தெருவிலேயே. அதன் அடி ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். வால்வு ஆம்ப் இந்த ஏற்ற இறக்கத்துக்கு வளைந்துகொடுக்கும். நெகட்டிவ் ஃபீட்பேக் அதைக் குறைக்கும், ஒழிக்காது. ரெசிஸ்டரில் மேடும் கிடையாது பள்ளமும் கிடையாது. அதனால் சுருளும் கெபாசிட்டரும் சேர்த்து ஸ்பீக்கர் மாதிரியே நடிக்கும் ரியாக்டிவ் லோடுகள் வந்தன. கேபினட்டும் மைக்கும் சேர்ந்து தரும் நிறத்தை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்ற கணினிக் கோப்பு பார்த்துக்கொள்கிறது. அதில் கேபினட்டின் நிறம் மட்டும்தான் இருக்கும், திணறல் ஆம்பிலிருந்துதான் வரணும்.

எஸ்விடி-க்கு வருவோம். 4 ஓமில் 300 வாட் என்றால் கிட்டத்தட்ட 35 வோல்ட், 8.7 ஆம்பியர். பதிவுக் கருவிக்கு வேண்டியதோ ஒரு வோல்ட்டும் சொச்சமும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் லோடு பெட்டிகளில் பல 100 வாட் கிட்டாரை மனதில் வைத்துச் செய்தவை. எஸ்விடி-யை உடைய விட்டால் 300-ஐயும் தாண்டும். விலையைப் பார்த்து வாங்காதீர்கள், வாட்டைப் பாருங்கள், அடுத்து ஓமைப் பாருங்கள். எஸ்விடி-யின் பின்பக்கம் 2, 4 என்று இருக்கும், லோடு அதற்குப் பொருந்தணும். ஸ்பீக்கர் கேபிளைத்தான் போடணும், கிட்டார் கேபிள் இந்த ஆம்பியரைத் தாங்காது. லோடை மாட்டிய பிறகே ஆம்பை ஆன் செய்யணும்.

ஒன்று மட்டும் எந்த லோடும் தருவதில்லை. எட்டு ஸ்பீக்கர் தள்ளும் காற்று வாசிப்பவரின் கையிலிருக்கும் தந்தியைத் திரும்ப ஆட்டும், நீண்ட சுரம் அதனால் இன்னும் நீளும். ஹெட்ஃபோனில் வாசிப்பவருக்கு அது கிடையாது. இரவு பதினொரு மணிக்கு, சுட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியும் அதன் விசிறிச் சத்தமும்தான் அறையில் இருக்கும்.